கெரிஸும் அதன் குறிப்பும்

மலேசியாவில் 1989ஆம் ஆண்டு முதல் வழங்கிவந்த ஒரு ரிங்கிட் நாணயத்தில் கெரிஸ் ஒன்றின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாளோடு அந்நாணயம் செல்லாததாயிற்று. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், நவம்பர் 25ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ, இந்தோனேசியக் கெரிஸ் கலையை மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுச் செல்வங்களுள் ஒன்றென அறிவித்தது. சட்டைப் பையில் கிடந்த சிறு உருவம் மறைந்த அதே காலத்தில், அக்கருவியின் பெருமை உலக அரங்கில் ஏறியது.

கெரிஸ் என்பது ஜாவா, பாலி, சுமத்திரா, சுலாவேசி, மலாய்த் தீபகற்பம், பட்டாணி முதலிய நிலப்பகுதிகளுக்குரிய குத்துவாள். அதன் அலகு பிடியை அடுத்து ஒரு புறம் அகன்று, நுனி நோக்கிச் செல்லச் செல்ல ஒடுங்கும். சில அலகுகள் நேரானவை. சில பாம்பு நெளிவதுபோல் வளைந்தவை. அவ்வளைவுக்கு 'லோக்' என்று பெயர். லோக்குகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். பிடியை மலாய் மொழியில் 'ஹூலு' என்பர். உறையை 'சாரோங்' என்பர். உறையின் மேற்புறத்தில் படகுபோல் குறுக்கே அமைந்த மரத்தை 'சம்பீர்' என்பர். கைகளைக் கட்டிக் குறுகி உட்கார்ந்த மனிதனைப் போன்ற ஒருவகைப் பிடிக்கு 'ஜாவா டெமாம்', அதாவது காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன், என்று பெயர் வழங்குவது சுவையான செய்தி. கிளந்தான், பட்டாணிப் பகுதிகளில் நீண்ட மூக்குடைய மற்றொரு பிடிக்கு மீன்கொத்திப் பறவையின் பெயரால் 'பெக்காக்கா' என்று வழங்கினர்.

மலேசியப் பேரரசர் அரியணை ஏறும் விழாவில் நீண்ட அரச கெரிஸை உறையினின்று உருவி முத்தமிடுவது இன்றும் உள்ள மரபு. எனவே கெரிஸை வெறும் கொலைக்கருவி என்று கருதுவது பொருந்தாது. அது குடிவழிச் சொத்து; ஆடவனின் அணி; ஆட்சியின் அடையாளம். இத்தகைய பொருளைத் தேடிச் சேர்ப்போர் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பலர் உளர். அவர்கள் சேர்ப்பது இரும்பையா, அன்றி அவ்விரும்போடு ஒட்டிய வரலாற்றையா என்பது ஆராயத்தக்க வினா.

கொல்லனின் உலைக்களம்

சாவகம் என்று பழந்தமிழ் நூல்கள் குறிக்கும் ஜாவாவின் நடுப்பகுதியில், லாவு மலையின் மேற்குச் சரிவில், சுக்கு என்னும் கோயில் உள்ளது. அது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்கோயிலின் கற்பலகை ஒன்றில் ஓர் உலைக்களம் செதுக்கப்பட்டுள்ளது. ஒருபுறம் கொல்லன் அமர்ந்து அலகு ஒன்றை அடித்துக்கொண்டிருக்கிறான். அவனைச் சுற்றிப் பலவகைக் கருவிகளும் முடிந்த அலகுகளும் காணப்படுகின்றன. மறுபுறம் ஒருவன் நிமிர்ந்த துருத்திகளை இயக்குகிறான். இடையே யானைமுகக் கடவுள் ஒற்றைக்காலில் ஆடுகிறார். கொல்லன் பீமன் என்றும், துருத்தி ஊதுபவன் அர்ச்சுனன் என்றும் ஆய்வாளர் கூறுவர். பாரத வீரர்களை உலைக்களத்தில் அமர்த்திப் பார்த்த அந்நாட்டுச் சிற்பி, கொல்லன் தொழிலை எவ்வளவு உயர்வாக எண்ணினான் என்பதற்கு இப்பலகையே சான்று.

அதே நூற்றாண்டில் சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணங்களில் உடன்சென்ற மா ஹுவான், ஜாவா ஆடவர் அனைவரும், மூன்று வயதுச் சிறுவன் முதல் முதியோர் வரை, இடுப்பில் குறுவாள் செருகியிருந்தனர் என்று எழுதிவைத்தார். பனித்துளி தெளித்தாற்போன்ற கோலமுடைய நல்லிரும்பால் அவை செய்யப்பட்டன என்றும், பிடிகள் பொன்னாலும் காண்டாமிருகக் கொம்பாலும் தந்தத்தாலும் ஆனவை என்றும் அவர் குறித்தார்.

மா ஹுவான் கண்ட அக்கோலத்தையே ஜாவாவில் 'பாமோர்' என்பர். 'எம்பு' எனப் போற்றப்படும் தேர்ந்த கொல்லர், சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கிக் காய்ச்சி, அடித்து ஒட்டி, நீட்டி, மடித்து, மீண்டும் அடிப்பர். மடிக்க மடிக்க ஏடுகள் பெருகும். நடுவே கூர்மைக்கென எஃகுத் தகடு ஒன்றை வைத்து இருபுறமும் அவ்வேடுகளை ஒட்டுவர். அலகு உருவானபின் அராவித் தேய்த்து, எலுமிச்சைச் சாற்றில் கரைத்த பாஷாணத்தைப் பூசுவர். அப்போது சாதாரண இரும்பு கறுக்கும். நிக்கல் கலந்த ஏடு வெள்ளிபோல் மின்னும். அவ்வாறு எழும் கோலங்களுள் ஒன்றுக்குச் சிந்திய அரிசி என்றும், மற்றொன்றுக்குப் பொன்மழை என்றும் பொருள்படும் பெயர்கள் உண்டு.

நிக்கல் கலந்த இரும்பு சுலாவேசித் தீவின் லூவு நாட்டிலிருந்து ஜாவாவுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பிரம்பானான் கோயிலுக்கு அருகில் கிடைத்த விண்கல் ஒன்றைச் சுரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுசென்றனர். அதன் இரும்பும் பாமோருக்குப் பயன்பட்டது. வானிலிருந்து விழுந்த இரும்பு அலகில் கலந்ததென்றால், மக்கள் அதற்குத் தெய்வத்தன்மை ஏற்றியதில் வியப்பில்லை.

பெயர் எழுதாத கைகள்

இத்துணை உழைப்புக்குப்பின் உருவான அலகில் கொல்லன் தன் பெயரைப் பொறிப்பதில்லை. ஆண்டையும் ஊரையும் பொறிக்கும் வழக்கமும் இல்லை. விதிவிலக்குகள் மிக அரியன. அவற்றுள் புகழ்பெற்றது, யோக்யகர்த்தாவின் பாக்கு ஆலம் குறுநில மன்னர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் க்னாவுட் என்னும் டச்சுக்காரருக்கு அளித்த கெரிஸ். அதன் அலகை ஓரளவு மூடிய செப்புத் தகட்டில் இராமாயணக் காட்சிகள் உள்ளன; சக ஆண்டு 1264 என்பதும் காணப்படுகிறது. அது கி.பி. 1342 ஆகும். அலகு அதனினும் பழையதாய், செப்புத் தகடு மட்டும் பின்னர்ச் சேர்ந்ததாய் இருக்கலாம் என்று கருதுவோரும் உளர். ஆண்டு பொறித்த ஒரு கெரிஸுக்கே இத்தனை ஐயம் என்றால், ஆண்டே பொறிக்காதவற்றின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

ஆகவே ஜாவா மக்கள் அலகின் தோற்றம், இரும்பின் நிறம், பாமோரின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு, இது மஜாபாகித் காலத்தது, இது மாத்தாராம் காலத்தது என்று கணிக்கும் ஒரு முறையை வளர்த்தனர். அதற்குத் 'தங்கு' என்று பெயர். நீண்ட பயிற்சி உடையோர் கணிப்புக்கு மதிப்பு உண்டு. எனினும் கணிப்பு கணிப்பே. இருவர் ஒரே அலகைப் பார்த்து இருவேறு காலம் சொல்வதும் உண்டு.

இதற்கு நேர்மாறான வழக்கத்தை அமெரிக்காவில் காணலாம். அங்கே கையால் செய்த கத்திகளைச் சேர்க்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியது. கத்தி செய்வோர் 1970ஆம் ஆண்டு தமக்கென ஒரு சங்கம் கண்டனர். 1973ஆம் ஆண்டு பில் மோரன் என்பவர், ஏடு ஏடாக அடித்து ஒட்டிக் கோலம் எழச் செய்த கத்திகளை அச்சங்கத்தின் காட்சியில் வைத்தார். அக்கலை அங்கே மறுபடியும் தழைக்க அது வழிகோலிற்று. அவரும் நண்பர்களும் 1976ஆம் ஆண்டு கத்தி அடிப்போருக்கெனத் தனிச் சங்கமும் தோற்றுவித்தனர். அமெரிக்கச் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அலகில் உள்ள பெயர் முத்திரையை. செய்தவர் பெயரே விலையில் பாதி எனலாம். கெரிஸின் நிலை இதுவன்று. செய்தவன் பெயரைத் தான் பேசாத ஒரு பொருளுக்கு, அதை வைத்திருந்தவரும் கைமாற்றியவரும் சொல்லும் செய்தியே வாய். அச்செய்தி அறுந்தால் கெரிஸ் ஊமையாகிவிடும்.

இடுப்பிலிருந்து பெட்டிக்கு

அச்செய்தி அறுபடத் தொடங்கிய காலத்தையும் வரலாறு காட்டுகிறது. 1823ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் சிங்கப்பூரில், சைட் யாசின் என்பவன் ரெசிடெண்ட் வில்லியம் ஃபார்க்குவாரைக் கத்தியால் குத்தினான். ஃபார்க்குவார் உயிர் பிழைத்தார். குத்தியவன் அவ்விடத்திலேயே கொல்லப்பட்டான். இந்நிகழ்ச்சியை முன்ஷி அப்துல்லா தம் தன்வரலாற்று நூலில் விரிவாக எழுதியுள்ளார். மலாக்காவில் பிறந்த இவ்வறிஞரின் முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்து வாழ்ந்தவர் என்பதைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

அதே ஆண்டில் சிங்கப்பூரில் பொது இடங்களில் ஆயுதம் தாங்கிச் செல்வது தடைசெய்யப்பட்டது. பின்னர் பிரிட்டிஷ் ஆட்சி பரவிய மலாய் மாநிலங்களிலும் இத்தகைய தடைகள் வந்தன. இடுப்பில் இருந்த கெரிஸ் பெட்டிக்குள் சென்றது. பெட்டிக்குள் சென்ற பொருளின் கதையைத் தந்தை மகனுக்குச் சொல்லும்வரை அது குலச்சொத்து. சொல்வார் இல்லாதபோது அது பழைய இரும்பு. பழைய இரும்பை விற்பது எளிது.

வாங்குவோரும் காத்திருந்தனர். ஜாவாவை ஆண்ட ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ், 1817ஆம் ஆண்டு வெளியிட்ட ஜாவா வரலாற்று நூலில் கெரிஸ் வகைகளைப் படமாக வரைந்து காட்டினார். மலாய்ச் சுவடிகள், இயற்கைப் பொருள்கள் எனப் பலவற்றையும் அவர் திரட்டினார். அப்பெருந்திரட்டை ஏற்றிக்கொண்டு 'ஃபேம்' என்னும் கப்பல் 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் பெங்கூலுவிலிருந்து புறப்பட்டது. அன்று மாலையே அது தீப்பற்றி எரிந்தது. மனிதர் தப்பினர், பொருள் எதுவும் மிஞ்சவில்லை. மீண்டும் கிடைக்காத பழஞ்சுவடிகள் அழிந்தனவே என்று முன்ஷி அப்துல்லா வருந்தி எழுதினார். ஒரு நாட்டின் செல்வத்தை ஒரே கப்பலில் ஏற்றுவது எத்தகைய துணிவு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எழுதிவைத்த சேகரிப்பாளர்

சேகரிப்பாளர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று. பொருளோடு குறிப்பையும் சேர்த்தவர்கள் உண்டு. யோக்யகர்த்தாவில் மருத்துவராய் இருந்த ஐசக் குரோனேமன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெரிஸ் கலை அருகிவருவதைக் கண்டார். பாக்கு ஆலம் அரண்மனையைச் சார்ந்த கொல்லர் ஒருவரைக் கொண்டு கெரிஸ் அடிக்கச் செய்து, அவர் செய்த ஒவ்வொரு படியையும் எழுதிவைத்தார். உலைக்களம் அவிந்தாலும் அவர் எழுத்து நின்றது.

மலாயாவில் ஜெரால்டு கார்டனர் என்னும் ஆங்கிலேயர் இருந்தார். அவர் 1900ஆம் ஆண்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு வந்தவர். பின்னர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பணிசெய்து, அரசாங்கத்தில் ரப்பர் தோட்டங்களைப் பார்வையிடும் அதிகாரியாகி, அதன்பின் ஜொகூரில் அபினி வாணிகத்தைக் கண்காணிக்கும் பணிக்கு மாறினார். ஊர் ஊராகச் சென்ற அவர் கெரிஸ்களைப் பார்த்தார், வாங்கினார், வகைப்படுத்தினார். 1936ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கெரிஸையும் பிற மலாய் ஆயுதங்களையும் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. இங்கிலாந்து திரும்பியபின் அவர் சூனிய நெறி ஒன்றைப் பரப்பியவராகவே பெரிதும் அறியப்பட்டார். ஆயினும் கெரிஸ் ஆராய்வோர் இன்றும் அந்நூலைப் புரட்டுகின்றனர்.

வட போர்னியோவில் நிருவாகியாய் இருந்த ஜி. சி. உல்லி, கெரிஸின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி எழுதிய கட்டுரை 1947ஆம் ஆண்டு அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் வந்தது. அவர் விட்டுச்சென்ற பொருள்களே பின்னர்ச் சபா அரும்பொருட்காட்சிசாலைக்கு அடிப்படையாயின. முன்ஷி அப்துல்லாவின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த ஏ. எச். ஹில், 1956ஆம் ஆண்டு அதே இதழில் மலாய் ஆயுதங்கள் பற்றி விரிவாக எழுதினார். இவர்கள் அயல்நாட்டு அதிகாரிகளே. ஆட்சியின் வலிமையால் பொருள் பெற்றவர்களே. ஆனால் தாம் கண்டதை எழுதியதால் பின்வந்தோர்க்குக் கடன் தீர்த்தனர்.

டிபோநெகோரோவின் கெரிஸ்

குறிப்பின் அருமையை ஒரே நிகழ்ச்சியால் உணரவேண்டுமாயின் டிபோநெகோரோ இளவரசரின் கெரிஸ் கதையைப் படித்தல் வேண்டும். 1825 முதல் 1830 வரை டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட அவரை, 1830ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மாகெலாங்கில் பேச்சுவார்த்தைக்கு அழைத்து, அங்கேயே சிறைப்பிடித்தனர். அதற்கு முன்னர் பேச்சு நடத்திய கிளீரன்ஸ் என்னும் அதிகாரியிடம் அவர் ஒரு கெரிஸை அளித்திருந்தார். 1831ஆம் ஆண்டு அது நெதர்லாந்து மன்னருக்கு அனுப்பப்பட்டு, அரச அரும்பொருள் மன்றத்தில் வைக்கப்பட்டது. அம்மன்றம் 1883ஆம் ஆண்டு கலைக்கப்பட்டபோது அங்கிருந்த பொருள்கள் பல இடங்களுக்குப் பிரிந்தன. கெரிஸ் லைடன் நகர அரும்பொருட்காட்சிசாலைக்குச் சென்றது. அதன் குறிப்பு அதனோடு செல்லவில்லை. அங்கிருந்த கெரிஸ் கூட்டத்தில் அதுவும் பெயரற்ற ஒன்றாயிற்று.

இந்தோனேசியா விடுதலை பெற்றபின் அந்தக் கெரிஸ் எங்கே என்ற வினா எழுந்தது. பல ஆண்டுகள் தேடினர். இறுதியில் துணைநின்றவை பழைய தாள்கள். அலுவலகங்களுக்கிடையே நடந்த 1831ஆம் ஆண்டுக் கடிதப் போக்குவரத்து ஒன்று. டிபோநெகோரோவின் தளபதியாய் இருந்த செந்தோட், இளவரசர் அதைக் கொடுத்ததைத் தாம் கண்டதாக ஜாவா மொழியில் எழுதிய வாக்குமூலம் ஒன்று. அப்போது நெதர்லாந்தில் இருந்த புகழ்பெற்ற ஓவியர் ராடன் சாலே, அக்கெரிஸைப் பார்த்து அதன் பெயரையும் தோற்றத்தையும் விளக்கி எழுதிய குறிப்பு ஒன்று. அக்குறிப்பில் கண்ட பெயர் கியாய் நாக சிலுமான். இவற்றோடு லைடனில் இருந்த நாக உருவக் கெரிஸ் ஒன்றை ஒப்பிட்டனர். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதன் பின்னரும் விவாதம் ஓயவில்லை. நாக சிலுமான் என்னும் பெயருக்கு மரபில் கூறப்படும் வடிவமும், திரும்பி வந்த கெரிஸின் வடிவமும் ஒத்துவரவில்லையே என்று இந்தோனேசியக் கெரிஸ் வல்லுநர் சிலர் கேட்டனர். பெயர் தனி, வடிவம் தனி என்று மற்றையோர் விடை கூறினர். ஒரு துண்டுச் சீட்டு உறையோடு கட்டப்பட்டிருந்தால் இந்தத் தேடலும் இல்லை; இந்த விவாதமும் இல்லை.

மீண்டும் மூண்ட உலை

20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜாவாவில் கெரிஸ் அடிப்போர் ஏறத்தாழ இல்லாமற் போயினர். எம்பு குடும்பத்தார் மண்வெட்டியும் அரிவாளும் அடித்துப் பிழைத்தனர். 1970களில் டீட்ரிச் டிரெஷர் என்னும் ஜெர்மானியர், ஒரு மாலுமி, யோக்யகர்த்தா வட்டாரத்தில் அத்தகைய குடும்பம் ஒன்றைக் கண்டு, மீண்டும் கெரிஸ் அடிக்குமாறு தூண்டினார். எம்பு யோசோபங்கார்சோவும் அவர் தம்பி ஜெனோ ஹாரும்பரோஜோவும் தந்தையிடம் கற்றதை நினைவில் கூட்டி உலை மூட்டினர். இன்று சுரகர்த்தாவின் கலைக்கல்வி நிலையத்தில் கெரிஸுக்கெனத் தனிப் பாடத்துறையே இயங்குகிறது. சேகரிப்பாளர் ஒருவர் பொருளைக் கேட்பதோடு நில்லாமல் செய்பவரைத் தேடிச் சென்றதால் விளைந்த பயன் இது. இக்காலத்து எம்புகளின் பெயரை அனைவரும் அறிவர். அவர்களின் முன்னோர் பெயரை அறிவார் சிலரே.

காப்போர் செய்யத்தக்கன

பழைய கெரிஸ் ஒன்று கைக்கு வந்தால், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது முதற்குற்றம், பாமோர் அழியும். அழகுக்காக வேறு பிடியையும் வேறு உறையையும் பொருத்துவது இரண்டாம் குற்றம். எந்த ஊருக்குரியது என்னும் தடம் அழியும். யாரிடமிருந்து, எந்த ஊரில், எந்த ஆண்டில் கிடைத்தது, அவ்வீட்டார் அதை எப்பெயரால் அழைத்தனர், அதைப்பற்றி என்ன சொன்னார்கள் என்பவற்றை எழுதாமல் விடுவதே பெருங்குற்றம். ஏனெனில் முன்னிரண்டையும் வல்லுநர் ஓரளவு சீர்செய்யலாம். மூன்றாவதைச் சீர்செய்ய எவராலும் இயலாது.

இஃது அரசர் கெரிஸுக்கு மட்டும் உரிய நெறியன்று. மலேசியாவில் ரப்பர் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீட்டுமனைகளாகியும் போயின. அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. அவ்வீடுகள் சிலவற்றில் பாட்டியோ தாத்தாவோ பால்மரம் சீவிய கத்தி இன்னும் மூலையில் கிடக்கிறது. தீட்டித் தீட்டித் தேய்ந்த அதன் அலகும், கைபட்டு வழுவழுத்த அதன் பிடியும் ஒரு வாழ்நாளின் உழைப்பைக் காட்டும். ஆனால் அது எந்தத் தோட்டத்தில், எத்தனையாம் நிரையில், யார் கையில் இருந்தது என்பதை அக்கத்தி சொல்லாது. கேட்டு எழுத இன்னும் சில முதியோர் உயிரோடு உள்ளனர். வகுப்பில் ஒவ்வொரு மாணவனும் வீட்டில் உள்ள ஒரு பழம்பொருளைப்பற்றி அரைப்பக்கம் எழுதி வருமாறு ஆசிரியர் பணித்தால், நாளை ஓர் அரும்பொருட்காட்சிசாலை அதனைத் தேடி வரலாம். வாராவிடினும், அக்குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் தேடி வருவர்.